சின்னப் பொத்தான், பெரிய பொத்தான்

இருக்கட்டும் மாமா, தாடி இல்லன்னா என்ன, நீங்க நொரையப் போடுங்க. முந்தாநாளுதான் வழிச்சீங்க, தெரியும். அதுக்கு முன்னாடி சனிக்கிழமையும் வழிச்சீங்க. ஒரே வாரத்துல மூணு தடவ வந்தா கன்னத்துல என்னதான் இருக்கும்னு கேக்குறீங்க, நியாயந்தான். எனக்கு மொரட்டுத் தாடி மாமா. காலைல வழிச்சா சாயங்காலம் குத்தும். பொண்டாட்டி திட்டுறா. போடுங்க.

காபி வேணாம். இப்பத்தான் குடிச்சேன். ரெண்டு குடிச்சேன், ரொட்டிக் கடைல ஒண்ணு, எதுத்தாப்புல பலசரக்குக் கடைல ஒண்ணு. உள்ள வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அங்கதான் நின்னுட்டிருந்தேன். உங்க கடைல கூட்டமா இருந்துச்சேன்னுதான். இல்லையா? காலைலேர்ந்து ஒருத்தரும் வரலையா? சரி, எனக்கு அப்படித் தோணுச்சு போல.

காலா? ஆடுதா? அது பழக்கம் மாமா, ஒக்காந்தா ஆட்டுவேன். கத்தி கழுத்துக்கிட்ட வர்றப்ப சொல்லுங்க, நிறுத்திர்றேன்.

வீடு ஊருக்கு அந்தப் பக்கம், ஹம்ரால. ஆமா, அங்க தெருவுக்கு நாலு சலூன் இருக்கு, இல்லங்கல. எல்லாம் பளபளன்னு கண்ணாடி, மெஷின வெச்சுத் தேச்சு அனுப்புறானுங்க. இங்க உங்க பஸ்தா வரைக்கும் வந்தாத்தான் கத்தி புடிக்கத் தெரிஞ்ச கை கெடைக்குது. அதான் வர்றேன். வேற என்ன காரணம் இருக்கப் போவுது?

வேலை டிவில. எந்தச் சேனலா இருந்தா என்ன மாமா, எல்லாம் ஒரே லச்சணந்தான். மூஞ்சி காட்டுற வேலை இல்ல, பின்னாடி இருட்டு ரூம்ல சவுண்டு வேலை. காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு... ஏன் மாமா நின்னுட்டீங்க? வழிங்க. அந்த டிவி மேல துண்டு போட்டு மூடி வெச்சிருக்கீங்களே, மொத நாளே பாத்தேன். ஏன்னு கேக்கல. கேக்கவும் மாட்டேன்.

தெரியும் மாமா. கண்ணாடி ஓரத்துல இருக்குற போட்டோ யாருன்னும் தெரியும். மாஹிர். மகன் பேரச் சேத்துத்தானே உங்கள தெருவே அபு மாஹிர்னு கூப்பிடுது, தெரியாம இருக்குமா? அவரப் பத்திப் பலசரக்குக் கடைக்காரர் சொன்னாரு. தங்கச்சி பரீட்சைல பாஸானதுக்கு இனிப்பு வாங்கத் தெருவுல எறங்குன புள்ளன்னு சொன்னாரு. அதோட இன்னொண்ணும் சொன்னாரு. உங்க வீட்டம்மா மூணு மாசமா நோன்பு புடிக்கிறாங்களாமே. ரமலானும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரு நாள் விட்டு ஒரு நாளு. மகன் சாவுறப்ப படைச்சவனத் திட்டிட்டுப் போயிட்டான், அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்கணும்னு சொல்றாங்களாம். பாதியா எளச்சுட்டாங்களாம். நெசமா மாமா?

சரி, நான் ஒண்ணும் பேசல. நீங்க வழிங்க. கொஞ்சம் நிதானமாவே வழிங்க, அவசரமில்ல. நான் வேற பேச்சு பேசுறேன்.

எங்க ஆபீஸ் கூத்தச் சொல்றேன் கேளுங்க. போன வருசம் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டோம், மத்தியானம் மூணு மணிக்கு, புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம். அதுல ஒருத்தன மரத்தோட கட்டி வெச்சு ரம்பத்தால அறுக்குறானுங்க மாமா. தோள்லேர்ந்து ஆரம்பிக்குறான். ரத்தம் கேமரா கண்ணாடி மேலயே அடிக்குது. அதுல ஒரு நொடி கூட வெட்டல. அறுபட்டவன் கத்துறப்ப ஒரு கெட்ட வார்த்தை சொன்னான் பாருங்க, அத வெட்டிட்டாங்க. அப்ப பாக்குறவனுக்கு எப்படி இருக்கும்? ஒருத்தன ரம்பம் போட்டு அறுக்குறாங்க, அவன் மரியாதையா வாயத் தொறந்து மூடுறான். கீழ எழுத்துல என்ன போட்டாங்க தெரியுமா? உமக்குக் கேடு உண்டாவதாகன்னு. நீங்க சிரிக்கல. பரவால்ல, எல்லாரும் சிரிப்பாங்க இதுக்கு.

எந்த வார்த்தை கூடாதுன்னு ஒரு பட்டியல் இருக்கு மாமா, செவுத்துல ஒட்டியிருக்கும். அறுவத்தோரு வார்த்தை. அத எப்படிப் போட்டாங்கன்னு சொல்லணும் உங்களுக்கு. எங்க பெரிய மேடம், மதாம் நுஹாத், அவங்கதான் எது போகலாம் எது போகக்கூடாதுன்னு சொல்றவங்க. ஒரு கூட்டம் போட்டாங்க. ஒரு ஷேக்கு, ஒரு பாதிரியாரு, ஒரு வக்கீலு, வெளம்பரக் கம்பெனிக்காரன் ஒருத்தன். எல்லாரும் பேனாவத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க, ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க. தொறந்தா தெரியும்னு ஆயிடும்ல? ஒரு மணி நேரம் இப்படியே போச்சு. கடைசில காபி போடுறவர உள்ள கூப்ட்டாங்க, அபு ரீமான்னு பேரு, துறைமுகத்துல வேலை பாத்த ஆளு. அவரு காபி ஊத்திக்கிட்டே ஒண்ணொண்ணா சொல்லிட்டு வந்தாரு, டைப் அடிக்கிற பொண்ணு காது செவக்க அடிச்சுச்சு. அறுவதுல நின்னுட்டாரு. பாதிரியாரு தொண்டையக் கனைச்சு, அந்த இன்னொண்ண விட்டுட்டீங்களேன்னு எடுத்துக் குடுத்தாரு.

நாலு மணி நேரம் மாமா அந்த அறுவத்தோரு வார்த்தைக்கு. அப்பறம் வக்கீல் எந்திரிச்சுக் கோட்டு மாட்டிக்கிட்டே, ரத்தம், பொணம் இதெல்லாம்னு கேட்டாரு. மேடம், செய்தின்னா காட்டலாம்னு எழுதிக்கன்னாங்க. அவரு ரெண்டாவது கைய நொழைக்கிறதுக்குள்ள முடிஞ்சுருச்சு. அப்படித்தான் நம்ம நாட்டுக்கு நியாயம் எழுதுனாங்க.

ஏன் அப்படின்னா... ஏன்னு எனக்கு மட்டும் தெரியுமா? கெட்ட வார்த்தை ஒண்ணு போச்சுன்னா போனு நிக்காது. மந்திரியா இருந்தவன் ஒருத்தன் மைக்கு நின்னுருச்சுன்னு நெனச்சு ஒரு வார்த்தைய விட்டான், அன்னிக்கு ராத்திரி வரைக்கும் போன எடுத்து எடுத்து அந்தப் பொண்ணுங்களுக்கு தொண்டை கட்டிருச்சு. எங்க வீட்ல பொம்பளப் புள்ளைங்க இருக்கு, என்ன சேனல் நடத்துறீங்கன்னு. ரத்தத்துக்கு யாரும் போன் பண்றதில்ல. ரத்தம்னா சேனல மாத்தாம பாக்குறாங்க, அதான் மேடத்துக்கும் வேணும். நானும் பாத்திருக்கேன். நானும்தான் மாமா பாத்தேன். பாத்துட்டு சோறு தின்னேன்.

மின்சாரம் போயிருச்சா? சரி, ஜெனரேட்டர் போடட்டும். வெளிச்சம் போதுமா உங்களுக்கு? கதவத் தொறந்து வைங்க, வேர்க்குது. எனக்கில்ல, உங்களுக்குத்தான் வேர்க்குது, நெத்தியத் தொடச்சுக்குங்க.

எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான். அவனோட வேலையே இதான். நேரடியா போறதெல்லாம் பத்து நொடி தள்ளித்தான் வீட்டுக்கு வரும். அந்தப் பத்து நொடிக்குள்ள கெட்ட வார்த்தை வந்தா அவன் பொத்தான அமுக்கணும். ரெண்டு பொத்தான் மாமா, பக்கத்துல பக்கத்துல. சின்னது அமுக்குனா ஒரே ஒரு கீச்சு, ஒரு நொடி. அது நாயி, கழுதை, அம்மா, அக்கா இப்படிச் சில்லறைத் திட்டுக்கு. பெரிய பொத்தான் படைச்சவனையோ மார்க்கத்தையோ ஏசுனா அமுக்குறது. அத அமுக்குனா பத்து நொடிக்கும் பேச்சு போயி நீளமா கீச்சு மட்டுந்தான் கேக்கும், வாய் மேல கட்டங்கட்டமா மறைப்பு விழுந்துரும். வாய ஏன் மறைக்கிறாங்கன்னா, ஒரு தடவ காது கேக்காதவங்க சங்கத்துலேர்ந்து கடுதாசி போட்டாங்க, நாங்க ஒதட்ட வெச்சே படிச்சுட்டோம், மனசு புண்பட்டுருச்சுன்னு.

ஆமா. நீங்க சொல்றது சரிதான். அது ஊருக்கே தெரியும். சின்னக் கீச்சுன்னா எவனோ எவன் அம்மாவையோ திட்டிருக்கான், வாய மூடி நீளமா கீச்சுனா அல்லாவத் திட்டிருக்கான். சின்னப் புள்ளைங்களுக்குக் கூட தெரியும். அதான் மாமா பிரச்சனையே.

இன்னும் கொஞ்சம் நொரை போடுங்க. காஞ்சுருச்சு.

அன்னிக்கு அவன்தான் பொத்தான்ல ஒக்காந்திருந்தான். பரீட்சை ரிசல்ட் வர்ற நாளு, வருசா வருசம் நாங்க ஏதாவது ஒரு தெருவுலேர்ந்து நேரடியா போடுவோம். எல்லா வீட்லயும் அன்னிக்கு டிவி ஓடும்னு மேடத்துக்குத் தெரியும். இந்த வருசம் உங்க தெரு. ஒரு பொண்ணு மைக்க வெச்சுக்கிட்டு சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டிருந்துச்சு. இனிப்புக் கடை வாசல்ல கூட்டம். சுட ஆரம்பிச்சானுங்க. நம்ம ஊர்ல புள்ள பாஸானா மாடில நின்னு வானத்தப் பாத்துச் சுடாதவன் யாரு? பட்டாசும் சேந்து வெடிக்குது, பக்கத்துல நிக்கிறவன் பேசுறது பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்கல. மேல போனது கீழ வரும்னு ஒருத்தனும் நெனைக்கிறதில்ல மாமா. நானும் நெனச்சதில்ல. என் கல்யாணத்துக்கு என் மச்சான் ஒரு பெட்டி தோட்டாவச் சுட்டான், நான் கை தட்டுனேன்.

வேணாமா? நிறுத்தணுமா?

இல்ல, நிறுத்தக்கூடாது மாமா. ரெண்டு தடவ வந்து ரெண்டு தடவயும் மூஞ்சத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டேன். இன்னிக்கு நிறுத்துனா அப்பறம் எனக்கு வழிக்கத் தோலே இருக்காது.

மாஹிர் கைல இனிப்புப் பொட்டலம் இருந்துச்சு. மேல போன தோட்டா ஒண்ணு திரும்பி வந்து நெஞ்சக் கிழிச்சுருச்சு, விழுந்தாரு. மைக்குப் பொண்ணு மைக்கப் போட்டுட்டு ஓடிருச்சு. கேமராக்காரன் ஓடல. நெருங்கிப் போனான், அவன அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கோம். அந்த மைக்கு தரைல மாஹிரோட வாய்க்குக் கிட்டக்க கெடக்கு. தெருவுல ஒருத்தனுக்கும் கேக்கல, ஹெட்போன் போட்டிருந்தவனுக்கு மட்டும் மூச்சு மொதக்கொண்டு கேட்டுச்சு. மாஹிர் தலையத் திருப்பிக் கேமராவ நேரா பாத்தாரு. பாத்து ஒண்ணு சொன்னாரு. அதுல ஒரு வார்த்தை பட்டியல்ல இருக்கு. இவனுக்கு விரல் தானா போவும் மாமா, பதினோரு வருசமா அந்த விரலுக்கு அந்த வேலைதான். நெஞ்சு கிழிஞ்சு கெடக்குறதப் பாத்தா அமுக்கணும்னு விரலுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கெட்ட வார்த்தை கேட்டா அமுக்கணும், அவ்வளவுதான் தெரியும். விரல் தவறிப் பெரிய பொத்தான்ல விழுந்துருச்சு.

புரியுதா மாமா? சின்னது அமுக்க வேண்டிய எடத்துல பெருசு விழுந்துருச்சு.

உக்காருங்க. கத்திய அங்க வெச்சுட்டு உக்காருங்க.

அன்னிக்கு மட்டும் எத்தன தடவ போட்டோம்னு எனக்கே தெரியாது. ஒவ்வொரு செய்திக்கும் போட்டோம். ரத்தம் அப்படியே தெரியும், நெஞ்சு தெரியும், பொட்டலத்துலேர்ந்து சிந்துன இனிப்பு தெரியும். வாய் மட்டும் மறைஞ்சிருக்கும். ஒரு புள்ள சாவுறத ஊரே பாத்துச்சு, ரத்தத்தப் பத்தி ஒரு போன் வரல மாமா, ஒண்ணே ஒண்ணு கூட வரல. எல்லாவனும் கீச்சப் பத்தித்தான் கேட்டான். என்ன சொன்னான், அல்லாவத் திட்டுனானா, அப்படிப்பட்ட பயலையா காட்டுறீங்கன்னு. அவன் மக, ஏழு வயசு, சோறு தின்னுக்கிட்டே பாத்துட்டு இருந்துச்சாம். ரத்தத்தப் பாத்துட்டு அடுத்த வாய் எடுத்து வெச்சுச்சாம். கீச்சுச் சத்தம் வந்தப்பதான் ஸ்பூன வெச்சுட்டு, அம்மா, அந்த அண்ணன் பெரிய கெட்ட வார்த்தை பேசிட்டாருன்னு சொல்லுச்சு எம் பொண்ணு. ராத்திரி நான் வீட்டுக்குப் போனதும் என்கிட்டயும் சொன்னா, பாவம் அந்த அண்ணன், நரகத்துக்குப் போவாராப்பான்னு கேட்டா.

ஆமா. எம் பொண்ணுன்னுதான் சொன்னேன்.

நான்தான் மாமா அவன். ஹைதம் எம் பேரு. பொத்தான அமுக்குன கை இதான்.

அடிக்கிறதுன்னா அடிங்க. வேணாமா? சரி.

மறுநாளே மேடம்கிட்ட போனேன். தப்புப் பொத்தான் அமுக்கிட்டேன், சின்னக் கீச்சோட இன்னொரு தடவ போட்ருவோம், அந்தப் புள்ள பேரு கெடுதுன்னேன். பொணத்த மறுபடி போடவா, தாராளமா போடலாம், ஆனா அந்த வாயத் தொறக்க முடியாதுன்னாங்க. தொறந்தா அந்தக் கெட்ட வார்த்தை ஒதட்டுல தெரியும், அது பட்டியல்ல இருக்கு. அதுவும் போக, அவன் சொன்ன மீதி வெளிய வந்தா நமக்கு நல்லதில்லன்னாங்க. கேமராக்காரன் யாருக்கும் சொல்லாம துபாய்க்குப் போயிட்டான். அசல் சத்தத்த மறுவாரமே அழிச்சுட்டாங்க. அது இப்ப என் காதுல மட்டுந்தான் இருக்கு. மூணு மாசமா இருக்கு. பலசரக்குக் கடைல உங்க வீட்டம்மா நோன்பப் பத்திக் கேட்டப்பறம் எனக்குத் தூக்கமே இல்ல.

அவரு அல்லாவ ஒண்ணும் சொல்லல மாமா. அல்லா பேரே அதுல இல்ல. மார்க்கத்தையும் சொல்லல. யாரு மேல வேணாலும் சத்தியம் பண்றேன்.

என்ன சொன்னாருன்னா? சொல்றேன். அவரு கேமராக்காரனத்தான் திட்டுனாரு. நம்ம ஆளுங்க ஒரு நாளைக்கு நூறு தடவ கூட்டாளியக் கூப்புடுறாங்களே, அந்தச் சில்லறை வார்த்தைதான். கேமராவத் திருப்புடா, நாய்க்குப் பொறந்தவனே, எங்கம்மா டிவி பாத்துட்டிருக்கா. இவ்வளவுதான் மாமா. இதத்தான் நான் அமுக்குனேன். திருப்புன்னு சொன்னதையும் அமுக்குனேன், அம்மான்னு சொன்னதையும் அமுக்குனேன். அவங்க பாக்கக் கூடாதுன்னு அவரு நெனச்சத மட்டும் முழுசா அனுப்பி வெச்சேன்.

மாமா. மாமா, அழுங்க, பரவால்ல. நான் கதவச் சாத்துறேன்.

எங்க எந்திரிக்கிறீங்க? மேல மாடிக்கா, உங்க வீட்டம்மாகிட்டயா? நானா? என் மூஞ்சில பாதி நொரை இருக்கு மாமா. இல்ல, பயம் இல்ல... பயந்தான். உங்க வாயால நீங்க சொல்லிருங்களேன், அவங்க என்ன பாத்தா... கேட்டவனே வந்து சொன்னாத்தான் நம்புவாங்களா? அதுவும் சரிதான்.

இன்னிக்கும் நோன்பா? சாயங்கால பாங்குக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே, நோன்பு தெறந்தப்பறம் சொன்னா... சரி. சரி மாமா, இப்பவே.

அந்த வார்த்தைய எப்படி மாமா அவங்க முன்னாடி? ஒரு அம்மா முன்னாடி நின்னு அத... மறைக்கக் கூடாதா? ஒண்ணு கூட மறைக்கக் கூடாதா? இல்ல, மறைக்கல. அவரு சொன்ன மாதிரியே சொல்றேன், ஒரு எழுத்து விடாம. அவங்க நோன்பத் தெறக்க நீங்க ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்கிட்டு முன்னாடி நடங்க.